தெருமுனை சென்டருக்கு 48,000 கட்டறதுக்கு முன்னாடி

வாசகி கேள்வி: மேடம், எனக்கு 29 வயசு. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறேன், டேலி நல்லா தெரியும். பிளஸ் டூ முடிச்சு பிகாம் சேந்தேன், முதல் வருஷத்துலயே கல்யாணம் ஆயி நின்னு போச்சு. இப்ப பையன் யூகேஜி போறான். எங்க தெருமுனைல ஒரு சென்டர்ல ஒரே வருஷத்துல டிகிரி வாங்கித் தர்றோம், வெளிமாநில யுனிவர்சிட்டி, பரீட்சையப் பத்தி நீங்க கவலையே பட வேண்டாம்னு சொல்லி 48,000 ரூபா கேக்கறாங்க. சைக்காலஜி கூட இருக்குதாம், எனக்கு கவுன்சலர் ஆகணும்னு ரொம்ப நாள் ஆச. இன்னும் பணம் கட்டல. இக்னோவா (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு ஓப்பன் யுனிவர்சிட்டியா, இந்த சென்டரா, எது நல்லது? இந்த டிகிரி வச்சு குரூப் 2 எழுத முடியுமா? என் வீட்டுக்காரர் பத்தாவதுதான், அவரும் என்கூட சேரலாமா?

பதில்:

வணக்கம்மா. உங்க கடுதாசில எனக்கு ரொம்ப நிம்மதி குடுத்த வரி "இன்னும் பணம் கட்டல"ங்கறதுதான். கட்டாதீங்க. மத்தத எல்லாம் பொறுமையா பேசிக்கலாம்.

ஒரே வருஷத்துல டிகிரின்னு நம்ம ஊர்ல ஒண்ணு கெடையவே கெடையாதுங்க. இளநிலை பட்டம்னா நேர்ல போயி படிச்சாலும் தொலைதூரத்துல படிச்சாலும் பொதுவா 3 வருஷம். அப்ப இவங்க எப்படி ஒரு வருஷத்துல தர்றாங்கன்னு கேட்டா, நீங்க ரெண்டு வருஷம் முன்னாடியே சேந்த மாதிரி பழைய தேதி போட்டு தருவாங்க, இல்லேன்னா யுனிவர்சிட்டிக்கே தெரியாத ஒரு பேப்பர் அச்சடிச்சு தருவாங்க, ரெண்டுல எதுவா இருந்தாலும் நாளைக்கு வேலைல சேரும்போது மெய்த்தன்மை கேட்டு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு லெட்டர் போகும், அங்கருந்து "இந்த நம்பர்ல எங்ககிட்ட யாரும் படிக்கல"ன்னு பதில் வரும், அப்ப மாட்டறது சென்டர்காரர் இல்ல, நீங்க. போலி சர்ட்டிபிகேட் குடுத்தேன்னு உங்க மேலதான் கேஸ். அதுவுமில்லாம 2024லருந்து தொலைதூரக் கல்வில புதுசா சேர்ற ஒவ்வொருத்தருக்கும் யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) தளத்துல டெப் ஐடின்னு ஒரு மாணவர் அடையாள நம்பர் உண்டாக்கணும், ஆதார் வச்சு எடுக்கற ஏபிசி ஐடிய (நீங்க வாங்கற கிரெடிட்ட சேத்து வைக்கற கணக்கு நம்பர்) அதுல இணைக்கணும், இப்ப சேர்ற ஆளுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி தேதி போடறது அவ்வளவு லேசு இல்ல.

இன்னொன்னு. தொலைதூரக் கல்விய இப்படி ஏஜென்ட் வச்சு, பிரான்சைஸ் குடுத்து நடத்தவே யுஜிசி அனுமதி இல்ல. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் அதோட எல்லையத் தாண்டி வெளிமாநிலத்துல ஸ்டடி சென்டர் போட முடியாது. சென்டர்னு ஒண்ணு இருந்தா அது ஒரு காலேஜுக்குள்ள இருக்கணும். கீழ ஜெராக்ஸ் கடை, மாடில யுனிவர்சிட்டின்னு போர்டு தொங்குதுன்னா அந்த மாடிப்படி ஏறவே வேண்டாம். அந்த சென்டர்காரர் "ஆன்லைன் டிகிரிங்க, அதுக்கு எல்லை கெடையாது"ன்னு சொல்வாரு, அது உண்மைதான், ஆன்லைன் படிப்புக்கு எல்லை இல்ல. ஆனா அதுலயும் நீங்கதான் நேரா யுனிவர்சிட்டி தளத்துல சேரணும், நீங்கதான் படிச்சு பரீட்சை எழுதணும், அதுவும் 3 வருஷம்தான். "பரீட்சையப் பத்தி கவலைப்படாதீங்க"ன்னு ஒருத்தர் சொல்றாருன்னா அங்கதான் நாம கவலைப்படணும்.

எந்த யுனிவர்சிட்டினாலும் ஒரு பழக்கம் வச்சுக்கோங்க. யுஜிசியோட தொலைதூரக் கல்வி பீரோ தளத்துல எந்த யுனிவர்சிட்டிக்கு, எந்த கோர்ஸுக்கு, எந்த வருஷத்துக்கு அனுமதின்னு பட்டியல் இருக்கு. மூணையும் சேத்துப் பாக்கணும். யுனிவர்சிட்டி பேர் இருந்தா போதும்னு நெனைக்கறாங்க நெறைய பேரு. பேர் பெத்த யுனிவர்சிட்டியா இருக்கும், ஆனா நீங்க சேர்ற வருஷத்துக்கு தொலைதூரத்துக்கு அனுமதி வாங்கியிருக்க மாட்டாங்க, இல்ல உங்க கோர்ஸ் மட்டும் பட்டியல்ல இருக்காது. கட்டடம் பெருசு, பேரு பழசுங்கறதெல்லாம் இதுல செல்லாது.

இப்ப சைக்காலஜி. இத சொல்றதுக்கு எனக்கே கஷ்டமாதான் இருக்கு. 2025 ஜூலை ஆகஸ்ட் அட்மிஷன்லருந்து சைக்காலஜிய தொலைதூரத்துலயோ ஆன்லைன்லயோ நடத்தக்கூடாதுன்னு யுஜிசி நிறுத்திருச்சு. மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி, உணவும் ஊட்டச்சத்தும் மாதிரி படிப்புங்களும் அதே கணக்குலதான். 2021ல வந்த துணை மருத்துவத் தொழில் சட்டத்துக்குள்ள வர்ற படிப்புக்கு நேரடிப் பயிற்சி வேணும்ங்கறது காரணம். ஏற்கனவே சேந்து படிச்சுட்டு இருந்தவங்களுக்கு அந்தத் தடை இல்ல. அதனால இப்ப யாராவது "சைக்காலஜி இருக்கு, சேருங்க"ன்னா, ஒண்ணு அவங்களுக்கு விஷயம் தெரியல, இல்ல நல்லாவே தெரிஞ்சு பேசறாங்க. கவுன்சலராவே ஆகணும்னா ரெகுலர் காலேஜ்தான் வழி, அத இன்னைக்கு உங்களால பண்ண முடியாதுன்னு எனக்கும் தெரியும். சோஷியல் ஒர்க் இக்னோல இருக்கு, மனுஷங்களோட பழகற வேலை வேணும்னா யோசிக்கலாம். ஆனா என்னக் கேட்டா நீங்க பிகாம் போங்க. தினம் ஜிஎஸ்டி பில்லும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் பாக்கற ஆள் நீங்க, ஜர்னல் என்ட்ரின்னா என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, பாதி சிலபஸ் உங்க டேபிள் மேலயே கெடக்குது. பழைய பிகாம் முதல் வருஷ மார்க்க வச்சு ரெண்டாம் வருஷத்துல சேரலாமான்னு அடுத்து கேப்பீங்க, அதுக்குப் பின்னாடி அலைய வேண்டாம், முதல்லருந்தே ஆரம்பிங்க.

இக்னோவா தமிழ்நாடு திறந்தநிலையான்னு கேட்டீங்க. ரெண்டும் சட்டத்துல பொறந்த அரசாங்க யுனிவர்சிட்டி. இக்னோ 1985ல பாராளுமன்றச் சட்டத்துல வந்தது, நாடு முழுக்க செல்லும். நம்ம திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 சட்டத்துல வந்தது, சைதாப்பேட்டைல இருக்கு. தரத்துல ஏத்தம் எறக்கம் பேசறத விட ஒரே ஒரு விஷயத்துல முடிவெடுங்க, மொழி. இக்னோ புக்கு பெரும்பாலும் இங்கிலீஷ்லயும் இந்திலயும்தான். பள்ளிக்கூடம் தமிழ் மீடியமா இருந்து, இங்கிலீஷ்ல மூணு பக்கம் தொடர்ந்து எழுதக் கை வராதுன்னா தமிழ்நாடு திறந்தநிலைல தமிழ் மீடியத்துல சேருங்க, அதுல ஒரு கொறச்சலும் இல்ல. ஆபீஸ்ல சரக்கு வாங்கற பையருக்கு இங்கிலீஷ்ல மெயில் போட்டுப் பழக்கம்னா இக்னோ. நான் ஒரு இக்னோ ஸ்டடி சென்டர்ல பல வருஷம் பாடம் எடுத்தவ, அங்க பாதில நின்னு போனவங்கள்ல நெறைய பேரு அறிவு கம்மியாகி நிக்கல, புக்கு மொழி ஒத்து வராமதான் நின்னாங்க. நம்ம ஊர்ல கவுரவத்துக்கு இக்னோல சேந்துட்டு புக்க பிரிக்காமயே பரண்ல போட்டவங்க எத்தன பேரு.

சேர்றது பெரிய வித்தை இல்ல. வருஷத்துக்கு ரெண்டு தடவ, ஜனவரி ஒண்ணு ஜூலை ஒண்ணுன்னு அட்மிஷன் இருக்கும். எல்லாம் யுனிவர்சிட்டி தளத்துலயேதான். கட்டணம் வருஷத்துக்கு சில ஆயிரம், உங்க சென்டர்காரர் கேட்ட காசுல மூணு வருஷமும் முடிச்சு மீதி நிக்கும்.

ஆனா அப்ளிகேஷன் பாரம் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வேலை. உங்க ஆதார் கார்டையும் பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. மார்க் ஷீட்ல அப்பா இனிஷியல் இருக்கும். கல்யாணத்துக்கு அப்புறம் ஆதார்ல முகவரி மாத்தப் போனப்ப வீட்டுக்காரர் பேரையோ அவரு இனிஷியலையோ போட்டிருப்பாங்க. நம்ம பொண்ணுங்க பாதி பேருக்கு இதேதாங்க கதை. ஏபிசி ஐடி ஆதார் பேர்ல வரும், அட்மிஷன் மார்க் ஷீட் பேர்ல நடக்கும், ரெண்டும் ஒத்து வரலைன்னா கம்ப்யூட்டர் உங்கள ரெண்டு ஆளுன்னு நெனைச்சுக்கும். இனிஷியல் முன்னாடி பின்னாடி மாறியிருந்தாலே சில நேரம் தகராறு பண்ணும். மார்க் ஷீட்ட மாத்தறது பெரிய பாடு, அதனால மார்க் ஷீட் காட்டி ஆதாரத்தான் சரி பண்ணிக்கணும். ஒரு எச்சரிக்கை, ஆதார்ல பேர வாழ்நாள்ல ரெண்டே தடவதான் மாத்த விடுவாங்க. ஆதார் சென்டர்ல இருக்கற பையன் டைப் அடிக்கும்போது ஸ்க்ரீனப் பாத்து எழுத்து எழுத்தா சரி பாருங்க, வெக்கப்படாதீங்க.

அடுத்தது போன் நம்பரும் மெயில் ஐடியும். இது ரெண்டும் உங்களோடதா இருக்கணும். வீட்டுக்காரரோடது இல்ல, பிரவுசிங் சென்டர் தம்பியோடது இல்ல. எங்க ஸ்டடி சென்டருக்கு ஒரு தடவ ஒரு பொண்ணு வந்து அழுதுச்சு, ஹால் டிக்கெட் வரலைன்னு. போய்ப் பாத்தா பாரத்துல இருக்கற மெயில் ஐடி யாரோ ஒரு ஏஜென்ட்டோடது. அந்த ஒரே மெயில்ல ஊர்ப்பட்ட பசங்களுக்கு அப்ளை பண்ணியிருக்கான், ஓடிபி எல்லாம் அவன் போனுக்குதான் போகுது, ஒவ்வொரு தடவையும் 500 குடுத்தாதான் நம்பர் சொல்லுவான், கடைசில கடையக் காலி பண்ணிட்டுப் போயிட்டான். அந்தப் பொண்ணு சரியா படிச்சிருந்துச்சுங்க, அசைன்மெண்ட்டெல்லாம் எழுதிக் கைல வச்சிருந்துச்சு. லாகின் அதுகிட்ட இல்ல, அவ்வளவுதான். ஒரு வருஷம் போச்சு. பாரம் போட யாராவது உதவி பண்ணட்டும், தப்பில்ல. பாஸ்வேர்ட் மட்டும் ஒரு நோட்டுல எழுதி பீரோல வைங்க.

புக்கு அச்சுல வேணுமா, சாப்ட் காப்பி போதுமான்னு பாரத்துல கேக்கும். சாப்ட் காப்பின்னா கட்டணத்துல கொஞ்சம் கழிப்பாங்க. உங்களுக்கு அச்சுதான் சரி, நாள் முழுக்க கம்ப்யூட்டர் பாத்துட்டு ராத்திரி போன்ல நூறு பக்கம் ஓட்டறதெல்லாம் ரெண்டு வாரம் நடக்கும், அப்புறம் போன்ல வேற ஏதாவது ஓடும். புக்கு வர லேட் ஆகும், மாசக் கணக்குல கூட ஆகும், அதுக்காக சும்மா உக்காராதீங்க, இக்னோவோட இ ஞானகோஷ் தளத்துல எல்லா பாடமும் இலவசமா கெடக்குது.

படிக்க எவ்வளவு நேரம் வேணும்ங்கறதுக்கு அவங்க கணக்கு ஒண்ணு இருக்கு, 1 கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்பு. 4 கிரெடிட் பேப்பர்னா 120 மணி, 6 கிரெடிட்னா 180. ஒரு செமஸ்டருக்கு இத கூட்டிப் பாத்தா தல சுத்தும், வேலைக்குப் போற யாரும் அவ்வளவு படிக்கறதில்ல, நான் பாத்தவரைக்கும் அதுல பாதி படிச்சவங்க நல்லாவே பாஸ் பண்ணாங்க, பரீட்சைக்கு முந்தின வாரம் மட்டும் படிச்சவங்க மாட்டிக்கிட்டாங்க. உங்களுக்கு ஷிப்மெண்ட் நேரத்துல ராத்திரி ஒம்பது மணிக்குதான் வீடுன்னு எனக்குத் தெரியாதா என்ன, அந்த வாரத்த விட்டுருங்க. ஷிப்மெண்ட் போன மறுநாளே புக்க எடுக்கணும், அந்த மறுநாள தள்ளிப் போட்டீங்கன்னா அது ஒரு மாசமா வளந்துரும்.

ஞாயித்துக்கிழமை கிளாஸ் இருக்கும், அதுக்கு இக்னோல கவுன்சலிங்னு பேரு (இந்தப் பேரக் கேட்டுட்டு ஒரு மாமியார் "உனக்கு என்ன பிரச்சனைன்னு கவுன்சலிங்குக்கு போற"ன்னு மருமகள நிறுத்தி வச்ச கூத்தெல்லாம் நடந்திருக்கு). வந்தே ஆகணும்னு கட்டாயம் இல்லாததால யாரும் வர மாட்டாங்க. நாப்பது பேர் பேரு இருக்கும், நாலு பேர் உக்காந்திருப்பாங்க. ஆனா அந்த நாலு பேர்தான் முடிப்பாங்க, ஏன்னா அவங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கும், கடைசி தேதி வந்தா ஒருத்தர் போட்டு விடுவாரு. முதல் ரெண்டு மூணு கிளாஸாவது போங்க, பாடத்துக்காக இல்ல, அந்த நாலு பேருக்காக.

அசைன்மெண்ட்தான் நெறைய பேர் கோட்டை விடற எடம். இக்னோல மொத்த மதிப்பெண்ல 30 சதவீதம் அசைன்மெண்ட், 70 சதவீதம் பரீட்சை. ரெண்டுலயும் தனித்தனியா பாஸ் ஆகணும், பரீட்சைல 80 வாங்கிட்டு அசைன்மெண்ட் வைக்கலைன்னா அந்தப் பேப்பர் முடிஞ்சதா ஏறாது. டிகிரிக்கு பாஸ் மார்க் 35. அசைன்மெண்ட்ட கைல எழுதணும், டைப் அடிச்சது வாங்க மாட்டாங்க. ஜூன் பரீட்சைக்கு ஏப்ரல் வாக்குல, டிசம்பர் பரீட்சைக்கு அக்டோபர் வாக்குல கடைசி தேதி வரும், நீட்டிப்பாங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, பல தடவ நீட்டிக்கவும் செய்வாங்க, அத நம்பிதான் ஊர்ல பாதி பேரு மோசம் போறது. வாட்ஸ்அப்ல 30 ரூபாய்க்கு ரெடிமேட் அசைன்மெண்ட் விக்கறான், வாங்காதீங்க. அத நான் திருத்தியிருக்கேன், ஒரே தப்பான கூட்டல் பதினோரு பேப்பர்ல அதே வரில வரும், அப்புறம் எந்த மனசோட மார்க் போடறது. நீங்களே எழுதினா பரீட்சைக்கு பாதி படிப்பு முடிஞ்ச மாதிரி, கேள்வியும் பெரும்பாலும் அந்த மாதிரியேதான் வரும். குடுக்கறதுக்கு முன்னாடி எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து வைங்க, ரசீது வாங்குங்க, மார்க் ஏறலைன்னு ஒரு நாள் நீங்களே சண்ட போட வேண்டி வரும்.

இன்னொரு குழி, ரீ ரெஜிஸ்ட்ரேஷன். ரெகுலர் காலேஜ் மாதிரி தானா அடுத்த வருஷத்துக்குப் போக மாட்டீங்க, தேதி வந்ததும் நீங்களே பணம் கட்டி பதிவு பண்ணணும். அதே மாதிரி பரீட்சைக்கும் தனியா பாரம் போடணும், ஒவ்வொரு பேப்பருக்கும் தனிப் பணம். "ரெண்டு பேப்பர் அரியர் இருக்கு, ரிசல்ட் வரட்டும், அப்புறம் கட்டலாம்"னு இருந்துராதீங்க. ரிசல்ட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, அரியர் இருந்தாலும் அடுத்த வருஷத்துக்குப் பதிவு பண்ணலாம், விட்ட பேப்பர பின்னாடி எழுதிக்கலாம். 3 வருஷப் படிப்ப முடிக்க 6 வருஷம் வரைக்கும் டைம் இருக்கு. நடுவுல பையனுக்கு உடம்பு சரியில்லாம ஒரு பரீட்சை போனாலும் ஒண்ணும் குடி முழுகிடாது.

குரூப் 2க்கு வர்றேன். எழுதலாம், தாராளமா. அனுமதியோட தொலைதூரத்துல வாங்கின டிகிரி ரெகுலர் டிகிரிக்கு சமம்னு 2020 விதிலயே இருக்கு, 2022 செப்டம்பர்ல யுஜிசி மறுபடியும் தெளிவா சொல்லிருச்சு. தனியார் கம்பெனில சில எச்ஆர் மூஞ்சிய சுளிப்பாங்க, அதையும் மறைக்காம சொல்லிடறேன், ஆனா உங்க மாதிரி வேலை அனுபவத்தோட வர்றவங்கள அவ்வளவா கேக்க மாட்டாங்க. குரூப் 4க்கு பத்தாவதே போதும், டிகிரி முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க, அடுத்த நோட்டிபிகேஷனுக்கே போட்டு விடுங்க.

கடைசியா உங்க வீட்டுக்காரர். இங்கதான் நம்ம தமிழ்நாட்டு ஆளுங்க நெறைய ஏமாந்து போனாங்க. பிளஸ் டூ இல்லாதவங்களுக்கு இக்னோல பிபிபின்னு ஆறு மாச ஆயத்தப் படிப்பு இருக்கு, அத முடிச்சா டிகிரில சேரலாம், டிகிரியும் வரும், அதுல பொய் இல்ல. ஆனா டிஎன்பிஎஸ்சி வேலைக்கு பத்தாவது, அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் டிகிரி, இந்த வரிசைல முடிச்சிருக்கணும். 2009லயே அரசாணை போட்டாச்சு. பிபிபி பிளஸ் டூ ஆகாது. டிகிரி வாங்கிட்டு சர்ட்டிபிகேட் சரிபார்ப்புல போய் நின்னு "பிளஸ் டூ எங்க"ன்னு கேட்டப்ப முழிச்சவங்கள எனக்கு நேர்லயே தெரியும், அதுக்கப்புறம் போயி பிளஸ் டூ எழுதினாலும் வரிசை மாறிப் போச்சுன்னு தள்ளிருவாங்க. அதனால அவரு தனித்தேர்வரா பிளஸ் டூ எழுதி முடிக்கட்டும், மாவட்டத்துல இருக்கற அரசுத் தேர்வுகள் சேவை மையத்துல விசாரிச்சா சொல்லுவாங்க, அதுக்கப்புறம் டிகிரி. சர்க்கார் வேலை நெனப்பே இல்ல, சும்மா படிக்கணும், பேருக்குப் பின்னாடி ரெண்டு எழுத்து வேணும்னா பிபிபி தாராளமா போகலாம். எதுன்னு அவர்கிட்டயே கேளுங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க.

இன்னைக்கு ராத்திரி பையன் தூங்கினதும் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் எடுத்துப் பாத்துட்டு இனிஷியல் ஒத்து வருதா இல்லையான்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. ஒத்து வரலைன்னா அட்மிஷன் தேதி வர்றதுக்குள்ள ஆதார சரி பண்ண டைம் இருக்கான்னு பாத்துச் சொல்றேன்.